அவள் வேண்டாம்னு சொன்னாளே

காதல் நாவல் என்றாலே முகம் சுளிக்கும் இலக்கியவாதிகள் பக்கம் நான் இல்லை. ரமணிசந்திரனை இங்கே அம்மாக்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள். சில வீடுகளில் தமிழ் வாசிப்பு மிஞ்சியதே அதனால்தான். என் சண்டை வேறு. இன்று பிரதிலிபியில் வரும் 'ஆன்டி ஹீரோ' கதைகளைத் திறந்து பாருங்கள். கடத்துகிறான், மிரட்டித் தாலி கட்டுகிறான், அறைகிறான். இருபதாவது அத்தியாயத்தில் அவனுடைய சின்ன வயசு சோகம் வரும், இவளும் உருகிவிடுவாள். இதில் நாயகி எஞ்சினியராம்! அவள் வேலை பார்த்ததாக ஒரு பக்கம்கூட இருக்காது. (ஷிப்ட் முடிந்து வந்து படிக்கிற எனக்கு எப்படி இருக்கும்?) "சும்மா டைம்பாஸ்தானே" என்கிறார்கள். சரி, டைம்பாஸ்தான். முதல் அத்தியாயத்தில் அவள் 'வேண்டாம்' என்று சொன்னதை எழுதினவரே காதில் போட்டுக்கொள்ளவில்லையே, அது ஏன்?