அடுக்குமாடியில் சூளை எரியுமா?

மும்பை தாராவியின் கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்துக் குயவர்கள் தலைமுறைகளாகத் திரிகை சுழற்றி வருகின்றனர். வீடுகளுக்கு நடுவே முற்றத்தில் எழுப்பிய சூளைகளில், பஞ்சுக் கழிவை எரித்துப் பல குடும்பங்கள் பானை சுடுகின்றன.

மறுமேம்பாட்டுத் திட்டமோ, 2000 ஜனவரி 1க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்தோருக்கு மட்டுமே தாராவிக்குள் 350 சதுர அடி வீடு என்கிறது. மாடி அறைகளில் வாழ்வோர் வெளியேற்றப்படுவர். வீடு பெறுவோரும் அந்த அடுக்குமாடியில் களிமண்ணை எங்கே குழைப்பர்? சூளையை எங்கே மூட்டுவர்? திட்ட நிறுவனத்தில் 80 சதவீதப் பங்கு அதானி குழுமத்துக்கு. மாநில அரசுக்கு 20 மட்டுமே.

தொழிலிடத்தைப் பறித்துவிட்டுத் திரிகையைக் கண்ணாடிப் பேழையில் வைப்பது மரபைக் காப்பதாகாது. சூளைக்கும் முற்றத்துக்கும் அதே மண்ணில் இடம் வேண்டும். குயவர்களும், தோல் தொழிலில் உள்ள தமிழரும், தையல் தொழிலாளரும் ஒன்றுபட்டு எழுப்ப வேண்டிய கோரிக்கை இது.