இல்லை என்பதற்கு எங்கே பத்திரம்?

பனிமலை மீது ஒரு பாதச்சுவடு. நீளம் 32 அங்குலம். அகலம் 15 அங்குலம். கண்டவர் யார்? கதை சொல்லும் பாட்டியல்ல. காசுக்குக் குறி சொல்லும் கோடாங்கியுமல்ல. இந்திய இராணுவத்தின் மலையேற்றக் குழுவினர்! 2019 ஆம் ஆண்டு ஏப்ரல் 9 ஆம் நாள், நேபாளத்து மகாலு மலையின் அடிவார முகாமுக்கு அருகே கண்டனராம். யெட்டி எனும் பனிமனிதனின் காலடி இது என்று, அம்மாதம் 29 ஆம் நாள் ட்விட்டர் வாயிலாகப் படத்துடன் உலகுக்கே அறிவித்துவிட்டது இராணுவம்.

சிரித்தவர் பலர், சிலிர்த்தவரும் பலர். பனியிலே பதிந்த தடம் வெயில் பட்டால் ஓரம் உருகி அகலும்; சாண் முழமாகும். கரடியின் முன்கால் குழியிலேயே பின்கால் விழுந்தால், இரண்டும் ஒன்றாகி நீளும். அவை கரடித் தடங்களே என அவ்வூர் மக்கள் சொல்வதாக நேபாள இராணுவத்துப் பேச்சாளரும் தெரிவித்தார்.

இதனை வகுப்பிலே நாம் விளக்கியபோது, கடைசி வரிசையிலிருந்து எழுந்தான் ஒரு மாணவன். "பனிமனிதன் இல்லை என்று உங்களால் மெய்ப்பிக்க முடியுமா, ஐயா?" என்றான். எழுந்து கேட்டானே, அதற்காகப் பாராட்டினோம். ஆனால் கேள்வி அவனுடையதன்று. வீட்டுத் திண்ணையிலே கற்றது. பாட்டனார் வாயிலிருந்து பேரன் வாய்க்கு வந்தது. பேய்க்கும் பிசாசுக்கும் முனிக்கும் மோகினிக்கும் காலங்காலமாகக் காவல் நிற்பது இந்த ஒரே கேள்விதான். இல்லையென்று காட்டு, பார்க்கலாம்!

நாம் கேட்கிறோம்: கடன் கொடுத்தேன் என்று ஒருவர் வழக்காடுகிறார். நீதிபதி யாரிடம் பத்திரம் கேட்பார்? கொடுத்தேன் என்பவரிடமா, வாங்கவேயில்லை என்பவரிடமா? வாங்காத கடனுக்கு 'வாங்காத பத்திரம்' ஒன்றை முத்திரைத் தாளில் எழுதி, கையொப்பமிட்டு, பெட்டியில் பூட்டி வைத்திருப்பார் உண்டா உலகில்? உண்டென்று சாதிப்பவனே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்றது 1872 ஆம் ஆண்டின் சான்றுச் சட்டம். 2024 இல் அச்சட்டம் போய்ப் புதுச் சட்டம் வந்தது. அந்நெறி மட்டும் போகவில்லை. நூறு ரூபாய்க் கடனுக்கே இத்தனைக் கண்டிப்பு! ஆளுயரத்தையும் மிஞ்சிய பனிமனிதனுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

இமயத்தின் பள்ளமெல்லாம் துழாவி, இல்லையென்று நாம் திரும்பினாலும் விடுவார்களா? "நீ போன நேரம் அவன் அப்பால் போயிருப்பான்" என்பர். ஆகவேதான் அறிஞர்கள் இல்லாததைத் தேடவில்லை. 'இதோ சான்று' என நீட்டப்பட்டதை வாங்கிச் சோதித்தனர். எவரெஸ்ட்டை வென்ற எட்மண்டு ஹில்லாரி, கும்ஜுங் சிற்றூரின் மடத்திலே பனிமனிதனின் தலைத்தோல் என்று போற்றப்பட்டதை 1960 இல் இரவல் பெற்று, ஊர்த் தலைவரையும் உடனழைத்து மேலைநாடுகளுக்குக் கொண்டு சென்றார். அது செரோ எனும் மலையாட்டின் தோலில் வடித்தெடுத்தது என்று தெரிந்தது. 2017 இல் சார்லட் லிண்ட்குவிஸ்ட் எனும் அறிவியலாளர் குழு, எலும்பு, பல், தோல், மயிர் என யெட்டியின் பெயரால் காக்கப்பட்ட ஒன்பது பொருள்களின் மரபணுவை ஆய்ந்தது. எட்டு கரடிக்குரியவை. ஒன்பதாவது? நாய்!

இங்கே எதிர்த்தரப்பார் தம் கடைசி அம்பை எடுக்கின்றனர். "சீலகாந்த் மீன் ஆறரைக்கோடி ஆண்டுகட்கு முன்பே அழிந்தது என்றீர்களே, 1938 இல் தென்னாப்பிரிக்கக் கடலில் உயிருடன் வலையில் விழவில்லையா?" விழுந்தது, உண்மை. நமக்கு மிகவும் பிடித்த சான்றும் அதுவே. மார்ஜரி கோர்ட்டனே லாட்டிமர் எனும் அருங்காட்சியகப் பெண்மணி காட்டியது கனவையன்று, கதையையன்று, மீனை! உள்ளுறுப்புகள் கெட்டுப்போயினவே, முழு மீன் வேண்டுமே என்று, அதற்குப் பெயரிட்ட ஸ்மித் 100 பவுன் பரிசு அறிவித்துக் கடற்கரையெங்கும் துண்டறிக்கை பரப்பினார். பதினான்கு ஆண்டு காத்திருந்து 1952 இல் கொமொரோ தீவருகே இரண்டாவதைப் பெற்றார். "இல்லையென்று நீ காட்டு" என எவரையும் அவர் மிரட்டவில்லை. பனிமனிதனை நம்புவோர் அவர்போல் ஓர் உடலைக் கொண்டுவரட்டும்; மாலையுடன் நாம் நிற்கிறோம்.

போகட்டும், பொழுதுபோக்குக் கதைதானே, யாருக்கென்ன நட்டம் என்பாரும் உளர். தில்லியைக் கேளுங்கள்! 2001 மே மாதம், வெக்கை தாளாது மக்கள் மொட்டைமாடிகளில் படுத்துறங்கிய நாட்கள். 'குரங்கு மனிதன்' வந்தான் என்றனர். ஒருவர் கண்ட உருவம் மற்றவர் கண்டதாயில்லை; தலைக்கவசம் என்றார் ஒருவர், இரும்பு நகம் என்றார் இன்னொருவர். சான்று கேட்க வேண்டிய காவல்துறையோ படம் வரைந்து வெளியிட்டது! நள்ளிரவில் ஒரு கூச்சல். பதறி ஓடியவர்கள் மாடியிலிருந்து விழுந்து மாண்டனர். குள்ளமாயிருந்த குற்றத்துக்காக, ஊர் சுற்றும் சாமியார் ஒருவரைக் கூட்டம் அடித்து நொறுக்கியது. (சாமியார்களிடம் நமக்குக் காதலில்லை, ஆயினும் அடிபட்டவர் மனிதர்.) ஆய்ந்த வல்லுநர்கள் முடிவில், அப்படியொரு விலங்கே இல்லை, அச்சமே அத்தனையும் என்றனர். மாண்டவர் மீளவில்லை.

இதையும் அம்மாணவனிடம் சொன்னோம். மறுநாள் வந்தான். முந்திய மாலை திண்ணையிலே, "உண்டு என்பதற்குப் பத்திரம் எங்கே, தாத்தா?" என்று கேட்டுவிட்டானாம். "அந்த வாத்தியார் பேச்சைக் கேட்டுக் கெட்டுப் போகாதே" என்றாராம் பெரியவர். பத்திரம் மட்டும் இன்னும் வரவில்லை.