பாடத்திட்டத்துக்குப் பொறுப்பு யார்?

பள்ளியில் என்ன படிப்பது, எவ்வளவு நேரம் படிப்பது என்பது அதிகாரிகள் மட்டும் பேசித் தீர்க்கும் விஷயமல்ல. உழைப்பாளி மக்களின் வாழ்க்கைப் பிரச்னை அது.

1953-ல் ராஜாஜி சர்க்கார் கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளில் படிப்பு நேரத்தைத் தினம் 3 மணியாகக் குறைத்தது. மீதி நேரத்தில் பிள்ளைகள் தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றது. கூலிக்காரன் மகன் கூலிக்காரனாகவே இருக்கட்டும் என்பதைத் தவிர இதற்கு வேறென்ன பொருள்? மக்கள் கொதித்தெழுந்தார்கள். 1954-ல் ராஜாஜி விலகினார். காமராஜ் சர்க்கார் திட்டத்தைக் கைவிட்டது.

அந்தத் திட்டம் ஒழிந்தது. ஆனால் பாடம் நடக்காமல் போனாலும் விளைவு அதுவேதான். பள்ளியில் பாடத்தை வழிநடத்தும் தலைமையாசிரியருக்கும் ஆசிரியர்களுக்கும் 2009-ம் வருஷத்திய கல்வி உரிமைச் சட்டம் கடமை வகுத்திருக்கிறது. முழுப் பாடத்தையும் குறித்த காலத்தில் முடிக்க வேண்டும். ஒவ்வொரு குழந்தையின் திறனையும் அறிந்து, தேவைப்படுவோருக்குக் கூடுதலாகக் கற்றுத்தர வேண்டும். பெற்றோரைக் கூட்டி நிலைமையைச் சொல்ல வேண்டும். "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று கைகழுவ எவருக்கும் உரிமையில்லை.

ஆசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. காலியிடத்தை நிரப்பாமல், ஒருவர் தலையில் பல வகுப்புகளைச் சுமத்திவிட்டு, பாடம் ஏன் முடியவில்லை என்று எந்த சர்க்காரும் கேட்க முடியாது.

அதே சட்டப்படி அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு இடம் பெற்றோருக்கு. குழுவில் பாதிப் பேர் பெண்கள். வெறும் கையெழுத்துப் போடுவதற்கல்ல அந்த இடம். ஷிப்டு முடிந்த பிறகு, நடவு இல்லாத நாளில் கூட்டம் வைக்கச் சொல்வோம். எந்தப் பாடம் முடிந்தது, எது பாக்கி, யார் பொறுப்பு என்று கேட்போம்.

தோழர்களே, கூலி உயர்வுக்குக் கேட்ட அதே குரலில் இதையும் கேளுங்கள்!