முடிச்சுக் கயிறும் அங்கத்தினர் பதிவேடும்

சங்கத்தின் அங்கத்தினர் ஒருவர் காலமானால், அடுத்து வரும் மகாசபைக் கூட்டத்தில் அனைவரும் எழுந்து நின்று இரங்கல் தீர்மானம் நிறைவேற்றுவது நம் வழக்கம். நல்ல வழக்கமே. ஆயினும், அந்த மரியாதை எவருக்குக் கிடைக்கிறது, எவருக்குக் கிடைப்பதில்லை என்று நான் இதுகாறும் எண்ணிப் பார்த்ததில்லை. சென்ற தை மாதத்தில் என் அன்னையைப் பெற்ற பாட்டியார் மறைந்த பின்னரே அவ்வெண்ணம் எனக்கு உண்டாயிற்று. அதனை அங்கத்தினர்கள் முன் வைப்பது என் கடமை எனக் கருதுகிறேன்.

நாங்கள் 'அம்மாயி' என்று அழைத்த அவர், பதினாறாம் வயதில் ஒரு நெசவாளர் இல்லத்தில் வாழ்க்கைப்பட்டவர். நான்கு மக்களைப் பெற்று வளர்த்தார். பேரர் பேத்தியர் ஒன்பதின்மரைத் தம் மடியில் தூங்கவைத்தார். விடியுமுன் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடும்போது ஒரு தலைப்பில் பாட்டனார் நின்றால் மறுதலைப்பில் அவர் நிற்பார். பின்னர் சமையல், அதன் பின்னர் இராட்டை. பாட்டனாருக்குக் காய்ச்சல் கண்ட நாட்களில் தறிக் குழியில் இறங்கி அவரே நெய்வார். நாங்கள் கல்லூரி கண்டதும், நான் இன்று உத்தியோகத்தில் இருப்பதும் அந்த இராட்டை ஈந்த கொடையே.

அவர் சுற்றிய நூலின் அளவு எத்துணை என்று கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு சிட்டத்தின் நீளம் 840 கெஜம். 40-ஆம் எண் நூலில் ஒரு பவுண்டுக்கு 40 சிட்டங்கள். எனவே ஒரு பவுண்டு நூலின் நீளம் 33,600 கெஜம். அஃதாவது முப்பது கிலோமீட்டருக்கும் அதிகம். பத்துப் பவுண்டு கொண்ட ஒரு கட்டு நூலைத் தாராகச் சுற்றி முடிக்கும் பெண், முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட இழையைத் தன் விரல்களின் ஊடே செலுத்துகிறாள். ஐம்பது ஆண்டுகளில் அம்மாயியின் விரல்கள் கடந்த தொலைவை என்னால் கூட்டிச் சொல்ல இயலவில்லை.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கணக்குத் தெரியும். இராட்டைக் காலில் ஒரு கயிறு கட்டியிருப்பார். பத்துச் சிட்டம் முடிந்தால் அதில் ஒரு முடிச்சு இடுவார். ஒருமுறை சங்கத்து ஏட்டில் ஐந்து பவுண்டு நூல் கொடுத்ததாக எழுதப்பட்டு, ஒரு பவுண்டு குறைவதாகக் கூறிப் பாட்டனாரின் கூலியில் பிடித்தம் செய்தார்கள். பாட்டனார் தலைகுனிந்து திரும்பினார். அம்மாயியோ அக்கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு சங்கத்துக்கே சென்றார். "ஐயா, இருபது முடிச்சு இருக்க வேண்டும், பதினாறுதான் இருக்கிறது. நூல் என் வீட்டில் குறையவில்லை, உங்கள் ஏட்டில்தான் கூடியிருக்கிறது" என்றார். ஏடுகளை ஒத்துப் பார்த்ததில், அண்டை வீட்டாருக்குக் கொடுத்த ஒரு பவுண்டு எங்கள் கணக்கில் ஏறியிருந்தது தெரியவந்தது. பிடித்தம் திருப்பித் தரப்பட்டது. கையொப்பம் மட்டும் பாட்டனாரிடமே வாங்கப்பட்டது.

பாட்டனார் மறைந்தபின் அவருடைய பங்குத் தொகையும் சேமிப்பும் மாமாவின் பெயருக்கு மாறின. மாமா தம் தாயை அன்போடு காத்தார். அதில் ஒரு குறையும் இல்லை. ஆயினும், அரை நூற்றாண்டு உழைத்த அந்த அம்மையார் வெற்றிலை பாக்குக்கும் பிறரைக் கேட்கவேண்டிய நிலையில் தம் இறுதி நாட்களைக் கழித்தார். அவர் மறைந்தபோது சங்கத்தில் இரங்கல் தீர்மானம் உண்டா என வினவினேன். "அவர் அங்கத்தினர் அல்லரே" என்று விடை வந்தது. விடை சரியானதே. இத்தகைய பதிவேடுகள் பலவற்றைத் தணிக்கை செய்து, 'சரி' என்று கையொப்பமிட்டவன் நானே அல்லனோ? இவ்வீட்டில் தார் சுற்றுபவர் யார் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

இஃது ஓர் இல்லத்தின் கதையன்று. 2019-20-இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் கைத்தறித் தொழிலில் ஈடுபட்டோர் 35 இலட்சத்துக்கு மேற்பட்டவர். அவருள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் பெண்கள். விவசாய அன்பர்களும் தம் மனத்தைக் கேட்டுப் பார்க்கட்டும். பருத்திக் காட்டில் களை எடுப்பதும் பஞ்சு எடுப்பதும் பெரும்பாலும் யார்? பட்டா யார் பெயரில் உள்ளது?

சட்டம் பெண்களைத் தடுத்ததில்லை. 1904-இல் இந்நாட்டில் வந்த முதற் கூட்டுறவுச் சட்டமே பதினெட்டு வயது நிரம்பியோர்க்கு இடம் தந்தது. ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. 1844-இல் இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் நெசவாளரும் பிற தொழிலாளரும் தொடங்கிய முன்னோடிச் சங்கம், 1846-இலேயே எலைசா பிரையர்லி என்ற பெண்மணியை அங்கத்தினராக ஏற்றது. மணமான பெண்ணுக்குத் தனிச் சொத்துரிமையை அந்நாட்டுச் சட்டம் முழுமையாக அளித்ததோ 1882-இல்தான். சட்டத்துக்கு முன்னே நடந்து காட்டுவது கூட்டுறவின் மரபு. நாமோ சட்டத்துக்குப் பின்னும் தங்கி நிற்கிறோம்.

"ஒரு தறிக்கு இரண்டு அங்கத்தினரா? இருக்கும் வேலையே போதவில்லையே" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். ஒரு தறிக்கு இருமடங்கு நூல் கேட்கவில்லை. தானே நெய்யும் பெண், துணைவிதிகளின்படி தகுதியிருப்பின் தன் பெயரிலேயே சேரட்டும். கூலிப் புத்தகத்தில் நூல் சுற்றும் கூலியைத் தனியே காட்டி, அதனை உழைத்தவர் கையில் கொடுக்கலாம். வாரிசு நியமனப் படிவத்தைப் பூர்த்தி செய்யும்போது மனைவியின் பெயரை முதலில் நினைக்கலாம். இவற்றுக்குப் புதிய சட்டமும் வேண்டா, பெருஞ்செலவும் வேண்டா. அடுத்த மகாசபையில் ஒரு தீர்மானம் போதும்.

அம்மாயியின் பெட்டியைத் திறந்தபோது இரண்டு சேலைகளுக்கு அடியில் அந்த முடிச்சுக் கயிறு இருந்தது. அஃது இப்போது என் மேசையின்மேல் இருக்கிறது. இனி நான் தணிக்கைக்கு வரும் சங்கங்களில், ஏட்டைப் புரட்டுமுன், இங்கே இராட்டை சுற்றுவோர் எத்தனை பேர், அவருள் அங்கத்தினர் எத்தனை பேர் என்று கேட்பேன். அன்பர்கள் விடையோடு இருப்பார்களாக.