காலப் பெயரும் இடப் பெயரும்

கணினிக்குள் ஒரு பெயர் மாறுவதால் யாது கேடு விளையும் என வினவுவோர் பலர். பெயர் மாறினால் காவலும் மாறும் என்பதே நமது விடை.

1991-ம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸில், கணினி வலையமைப்போடு உறவாடும் வாயில்கள் இடைமுகங்கள் எனப்படும். முன்னாளில் கம்பி வழி இடைமுகங்கள் ஈத்-0, ஈத்-1 எனவும், கம்பியில்லாதவை டபிள்யூலேன்-0 எனவும் வழங்கின. யந்திரம் விழித்தெழும்போது முதலில் கண்டறியப்பட்டது 0, அடுத்தது 1. நம் இலக்கணிகள் பெயரை அறுவகையாகப் பகுத்தனர் அன்றோ? அம்முறையில் இதனைக் காலம் பற்றிய பெயர் எனலாம்.

ஓர் இடைமுகமே உடைய கணினிக்கு இதனால் இடரில்லை. இரண்டு கம்பி வழி இடைமுகங்கள் இருப்பின், இன்று முந்தியது நாளை பிந்தவும் கூடும். வெளியுலகை நோக்கிய வாயிலில் கடுங்காவலும், அகத்தை நோக்கிய வாயிலில் தளர்ந்த காவலும் வைத்தான் ஒருவன் என்று கொள்வோம். காவல் விதிகளோ பெயரைப் பற்றியே எழுதப்பட்டவை. பெயர்கள் தம்முள் இடம் மாறின், கள்வர் வரும் வாயில் திறந்தும், இல்லத்தார் வரும் வாயில் அடைத்தும் கிடக்கும்.

இக்குறை களையவே, 2013-ம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த சிஸ்டம்டி 197-ம் பதிப்பு இடம் பற்றிய பெயரைப் புகுத்தியது. கம்பி வழியானதற்கு 'ஈஎன்', கம்பியில்லாததற்கு 'டபிள்யூஎல்' என்பன முன்னெழுத்துகள். 'ஈஎன்-ஓ-1' என்பது தாய்ப்பலகையிலேயே அமைந்தது. 'ஈஎன்-பி-2-எஸ்-0' என்பது பிசிஐ 2-ம் எண் பாட்டையில் 0-ம் எண் இடத்தில் உள்ளது. 'டபிள்யூஎல்-பி-3-எஸ்-0' என்பது 3-ம் எண் பாட்டையில் அவ்வாறே அமைந்த கம்பியில்லா இடைமுகம்.

நாவில் நில்லாப் பெயர்கள் இவை எனச் சிலர் குறைகூறுவர். பழம்பெயரையே விரும்புவோர்க்கு அதற்குத் திரும்பவும் வழியுண்டு. ஆயினும் இனிமையன்று, நிலைபேறே பெயரின் முதற்கடமை. அழகிய பெயர் பொருளை விட்டு ஓடுமாயின் அஃது அணியேயன்றிப் பெயராகாது.

இடப் பெயரும் குறையற்றதன்று. புதிய அட்டையொன்றைச் செருகினால் பாட்டை எண்கள் நகர்ந்து பெயர் மாறுதலும் உண்டு. ஆதலின், பல வாயில்களைக் காக்கும் பொறுப்புடையோர், இடைமுகத்தில் பதிந்துள்ள வன்பொருள் முகவரியை அடையாளமாகக் கொண்டு, 'உள்', 'வெளி' என அதன் தொழிலை உணர்த்தும் பெயரைத் தாமே சூட்டுவதே சாலச் சிறந்தது. லினக்ஸ் அதற்கும் இடந்தருகிறது. ஆங்கில எழுத்தில் 15-க்கு மேற்படாதிருத்தல் வேண்டும், அவ்வளவே.

மாணவ நண்பர்களே! நாளை பலருடைய கணினிகளைக் காக்கும் பொறுப்பு உங்கள் கையில் வரும். இயந்திரம் இட்ட பெயரை ஆராயாமல் நம்பாதீர்கள். எவ்வாயிலுக்கு எப்பெயர் என்று கண்டறிந்த பின்னரே காவலை நிறுத்துங்கள்.