ஓர் ஊருக்கு எத்தனை பெயர்?



கடலூரை அடுத்துள்ள தேவனாம்பட்டினத்தை அறிவீர்கள் அல்லவா? பழைய ஐரோப்பியர் ஏடுகளில் இவ்வூர் ‘தெக்னாபட்டம்’. 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிருந்த கோட்டையை விலைக்கு வாங்கி ‘செயின்ட் டேவிட் கோட்டை’ எனப் பெயரிட்டது. கடற்கரைக்கோ ‘சில்வர் பீச்’ என்று பெயர்.

‘தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியவர் யார்?’ என்று கணினியில் தேடுகிறீர்கள். எழுத்துகளை மட்டும் ஒப்பிடும் இயந்திரம், ‘தெக்னாபட்டம்’ என்றுள்ள பக்கத்தைத் தவறவிட்டுவிடும். இக்குறையைப் போக்கவே 2012-இல் கூகுள் நிறுவனம் ‘நாலெட்ஜ் கிராஃப்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. இதில் ஒவ்வொரு பொருளுக்கும் தனி அடையாளம் உண்டு. அதன் எல்லாப் பெயர்களும் அந்த அடையாளத்துடன் இணைக்கப்படும். ‘செயின்ட் டேவிட் கோட்டை – அமைந்துள்ள இடம் – தேவனாம்பட்டினம்’ என்பது போல, ஒரு பொருளுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள உறவும் பதிவாகும். அதே ஆண்டில் தொடங்கிய ‘விக்கித்தரவு’ம் இவ்வாறே செயல்படுகிறது. அதில் எவரும் எழுதலாம்.

செய்திகளை வகைப்படுத்தும் கலை நமக்குப் புதிதன்று. சிதம்பரத்துக்குத் தெற்கேயுள்ள சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1933-லேயே கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். ஒரு நூலின் பொருளை இடம், காலம் போன்ற கூறுகளாகப் பிரித்து, அவற்றைக் குறியீடுகளால் இணைத்துக் காட்டினார்.

‘அப்படியானால் இயந்திரமே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுமே!’ என்பீர்கள். இங்குதான் நான் மாறுபடுகிறேன். ஒழுங்காக அடுக்கப்பட்ட செய்தி, உண்மையான செய்தியாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. தவறான ஆண்டு ஒன்று பதிவாகிவிட்டால், தேடுவோர் அனைவருக்கும் அத்தவறே விடையாகப் போய்ச் சேரும். எவரும் பதியாத செய்தியோ, தேடுபவர் கண்ணில் படவே படாது.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்தைத் தாக்கியது. அன்று கடல் எதுவரை வந்தது என்பதை அவ்வூர்ப் பெரியவர்கள் அறிவார்கள். அச்செய்தி தமிழில் பதிவாகாவிட்டால், நாளை அங்கே வீடு கட்டுபவருக்கு எந்த இயந்திரம் எச்சரிக்கை தரும்?

எனவே, இப்பணியைப் பொறியாளர்களிடம் மட்டும் விட்டுவிடுவது சரியன்று என்பது என் கருத்து. உங்கள் ஊரின் பழைய பெயர்கள், ஏரி, கோயில், வெள்ளம் வந்த ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். நூலகத்தில் சரிபாருங்கள். சொன்னவர் யார், எந்த நூலில் உள்ளது என்பதையும் குறியுங்கள். பிறகு ஆசிரியரின் துணையோடு விக்கித்தரவில் சேருங்கள்.

விடை தேடுவது நல்ல பழக்கம். பிறர் தேடும்போது சரியான விடை அங்கே இருக்குமாறு செய்வது அதனினும் நல்லது. உங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாமே!