ஓமந்தைப் பாறையும் எண்ணெய்க் கனவும்

வன்னி மண்ணின் அடியில் எண்ணெய் உறங்குகிறது என்போர் இன்றும் உளர். தஞ்சைத் தரணியின் நரிமணத்தில் 1980களில் எண்ணெய் கிடைத்தது. மன்னார்க் கடலில் 2011இல் வாயு கிடைத்தது. ஓமந்தையில் மட்டும் கிடைக்காமற் போகுமா என்பது அவர்தம் வாதம். தேசப்படத்தில் தூரத்தை அளந்தவர்கள் நிலத்தின் வரலாற்றை அளக்க மறந்ததன் விளைவே இவ்வாதம்.

எண்ணெய்க்குப் புதைவு வேண்டும். ஆனால் அளவான புதைவு வேண்டும். சேற்றோடு படிந்த உயிர்ப்பொருள், மேன்மேலும் குவியும் அடையல்களின் கீழ் அமிழ்ந்து சூடேறுகிறது. கீழிறங்கும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் வெப்பம் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை செல்சியஸ் உயரும். 60க்கும் 120க்கும் இடைப்பட்ட வெப்பத்தில் எண்ணெய் பிறக்கும். அதனைக் கடந்தால் பெரும்பாலும் வாயுவே. பின்னர் நிலம் மேலுயருமாயின் பாறை குளிர்ந்து, எண்ணெய் பிறப்பது நின்றுவிடும். மூடுபாறை வெடிக்கும், அரிப்புண்ணும். சேர்ந்திருந்த வாயு கசியும். உட்புகும் மழைநீரோடு நுண்ணுயிர்களும் சென்று எஞ்சிய எண்ணெயைக் கெடுக்கும். ஆகவே எவ்வளவு ஆழம் புதைந்தது என்பது மட்டுமன்றி, எப்பொழுது எழுந்தது என்பதும் கேட்கப்படவேண்டிய வினாவாகும்.

இவ்வினாவை ஓமந்தையிடம் கேட்டால் விடை யாது? நரிமணத்தைத் தாங்கும் காவேரிப் படுகை பாக்கு நீரிணையைக் கடந்து யாழ்ப்பாணம்வரை நீள்வது உண்மையே. ஆனால் அதன் அடையல்கள் ஓமந்தையை எட்டுவதில்லை. அங்கு மண்ணின் கீழ் இருப்பது உருமாறிய பழம்பாறை. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் அது பல கிலோமீற்றர் ஆழத்தில், நூற்றுக்கணக்கான பாகை வெப்பத்தில் வெந்தது. அத்தகைய உலையிற் கரிமம் எஞ்சினும் பென்சிற் காரீயமாகவே எஞ்சும். அதன் மேலிருந்த பாறைச் சுமையனைத்தையும் அரிப்பு வழித்தெடுத்த பின்னரே அப்பாறை இன்று வெயில் காண்கிறது.

படுகை உள்ள இடத்திலேனும் எண்ணெய் எளிதில் வந்ததா? சோவியத் உதவியுடன் 1970களில் பேசாலையில் துளையிட்டும் வணிக அளவில் எதுவும் கிட்டவில்லை. மன்னார்க் கடலில் வாயு கண்ட கெயர்ன் நிறுவனமும் 2015இல் வெளியேறிவிட்டது. உற்பத்தி இன்னும் தொடங்கவில்லை. அடையல் உள்ள இடத்தின் கதையே இதுவெனின், அடையலே இல்லாத இடத்துக்கு ஆசை காட்டுவது அறியாமையன்று, ஏய்ப்பு.

எண்ணெய்க்கு இடமளிக்காத அந்த மேலுயர்வு ஓமந்தைக்கு வேறொன்றைத் தந்துள்ளது. சுமை நீங்கிய பாறை வெடித்தது. வெடிப்புகளில் மழைநீர் இறங்கிற்று. மேற்பகுதி உக்கி நீர்தாங்கும் படையாயிற்று. கிணறுகள் ஊறுவது அப்படையிலிருந்தும் வெடிப்புகளிலிருந்துமே. அந்நீரிற் பல இடங்களிற் புளோரைட்டு மிகுந்திருப்பதும், சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்தை வாட்டுவதும் மேடைகளில் எண்ணெய் பேசுவோர் காதில் விழுவதில்லை. இல்லாத எண்ணெய்க்குத் துளையிடச் சொல்வோர், இருக்கும் கிணற்று நீரைச் சோதிக்கவும் குளங்களைத் தூர்வாரவும் முதலிற் குரல் கொடுக்கட்டும்.